மதகு தாண்டிய சைக்கிள்

…இல்லையே, இது என் சீட் இல்லையே, என்று முதலில் கண்டுபிடித்தது வேதமுத்துவின் தொடைதான், மூளைக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அவன் மதகுச் சுவரைத் தாண்டி வறண்ட ஏரிக்குள் இறங்கி நாலைந்து மிதி மிதித்துவிட்டான். அவனுடைய சீட்டில் இடதுபக்கத்து ஸ்பிரிங் தோலைக் கிழித்துக்கொண்டு எழும்பி நிற்கும், அது குத்திக் குத்தி அந்த இடமே காய்த்துப் போயிருந்தது, அந்த வலி இல்லாவிட்டால் சைக்கிளில் உட்கார்ந்த மாதிரியே இருக்காது, இப்போது வலியைக் காணோம்… வலியைக் காணோமே என்று எவனாவது பதறுவானா, அவன் பதறினான். மிதித்தால் கிறீச்சென்று கத்த வேண்டிய பெடல் வாயே திறக்கவில்லை. ஹேண்டில்பார் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பொறு, பொறு, சேற்றில் புரண்டு எழுந்த வண்டி, மே மாசத்து வெயில் மண்டையில் ஏறியிருக்கிறது, அதனால்தான் எல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே வலது கட்டைவிரலால் பிடியில் அப்பியிருந்த களிமண்ணை வழித்துப் பார்த்தான். உள்ளே துணி. கிளிப்பச்சை, அரக்குக் கரை. அடக் கடவுளே, அந்தப் புடவை அவனுக்குத் தெரியாதா என்ன, கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவனே பூந்தமல்லியில் எடுத்துக் கொடுத்தது, போன வாரம்தான் அவன் மனைவி ஞானசௌந்தரி அதைக் கிழித்துத் தன் தம்பி பால்ராஜின் சைக்கிள் பிடிகளுக்குச் சுற்றிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடேன் என்று கேட்டதற்கு, உங்களுக்கு எதுக்குங்க, நீங்க எப்பிடியும் மெதுவாத்தானே போவப் போறீங்க என்று சிரித்தாள், அவனும் சிரித்தான், சிரிக்காமல் என்ன செய்வது. ஆக, இது பால்ராஜின் சைக்கிள்.

இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஏரி ரேஸுக்கு வருகிற சைக்கிள்களைச் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் இது யாருடையது என்று சொல்ல முடியாது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கார்டு, மணி, எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள், மிஞ்சுவது கறுப்பு எலும்பும் இரண்டு சக்கரமும், நம்பர் சட்டை முதுகில் இருக்குமே தவிர வண்டியில் இருக்காது. போதாததற்கு மே தினம் தொழிலாளரான சூசையப்பர் திருநாள், காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எல்லாச் சைக்கிளையும் வரிசையாக நிறுத்தி மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரே மாதிரி மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுவார், கொஞ்ச நஞ்சம் இருந்த வித்தியாசமும் அதோடு போச்சு. அப்புறம் இந்த மதகு… மார்பு உயரத்துச் சுவர், இரண்டு ஆள் அகலம், சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வீசிவிட்டு ஏறிக் குதித்து, சேற்றில் கிடக்கிற குவியலில் தன்னுடையதைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். முன்பெல்லாம் ஒரே சைக்கிளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, மண்டை உடைந்து, ரேஸ் அங்கேயே நின்று போயிருக்கிறது. பார்த்தார்கள் கோயில் இளைஞர் சங்கத்தார், ஒரு சட்டம் போட்டார்கள்: மதகைத் தாண்டினால் கையில் இருப்பதுதான் உன் சைக்கிள், அதற்கப்புறம் பேச்சே கிடையாது. முதல் இரண்டு சுற்றிலும் வேதமுத்து சரியாகத்தான் எடுத்தான், இந்தக் கடைசிச் சுற்றில் அவனும் பால்ராஜும் ஒன்றாக வந்து, ஒன்றாக வீசி, ஒன்றாகக் குதித்தார்கள், அவன் கை முந்திக்கொண்டு கிடைத்ததை எடுத்தது. சட்டப்படி இது இப்போது அவனுடையது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியதை அவனே கவனித்தான். வண்டி எவ்வளவு லேசாகப் போகிறது, வெடித்துக் கிடக்கிற களிமண் பாளங்களின் மேல் தட்டித் தட்டிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, பயல் இதில்தான் போன வருஷம் ஜெயித்தானா, இதில் ஏறினால் எருமைகூட ஜெயிக்குமே… தூரத்தில் கரைக்கு அந்தப் பக்கமிருந்து செங்கல்வராயனின் மைக் இரைந்தது, கோயில் மைதானத்து ரேடியோ செட் அவனுடையது, ஆகவே வர்ணனையும் அவனே, பனைமரத்தில் ஏறிய பையன் பார்த்துச் சொல்லச் சொல்ல, “மொதல்ல வந்துகினு கீறது நம்ப அஞ்சாம் பிளாக் வேதமுத்து அண்ணாத்தே! வேதமுத்து அண்ணாத்தே! இன்னாய்யா ஆச்சு இன்னிக்கி இவருக்கு!” அந்தக் கேள்வியில் இருந்த கிண்டலைக்கூட வேதமுத்து மன்னித்தான். ஜெயிக்கப் போகிறோம், சாயங்காலம் சூசையப்பர் சப்பரம் கிளம்பும்போது முன்பக்கத்து வலது மூங்கில் தன் தோளுக்கு வரப்போகிறது, ரேஸில் ஜெயித்தவனுக்குத்தான் அந்த மூங்கில், அது ஒரு காலத்தில் வருஷம் தவறாமல் அவன் தோளில்தான் இருந்தது, போன வருஷம் பால்ராஜின் தோளுக்குப் போனது, அதற்கப்புறம் ஃபேக்டரி கேண்டீனில்கூட யாரும் வேதமுத்து என்று கூப்பிடவில்லை, பால்ராஜோட மாமா, பால்ராஜோட மாமா, டீ எடுத்துக்கோ பால்ராஜோட மாமா… அப்போதுதான் பின்னால் கிறீச் என்றது.

அவனுடைய பெடல். இவ்வளவு வருஷம் அதை மேலே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறான், அது எட்டத்திலிருந்து தன்னைத் துரத்திக்கொண்டு வருவதை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறான், கிறீச், கிறீச். கூடவே பால்ராஜின் சிரிப்பு. “மாமா! இன்னா மாமா, என் வண்டிய எத்துகினு போறே! உன்னுது பன்னி கணக்கா கத்துதே!” கோபமே இல்லாத குரல், பயலுக்குக் கோபமே வராது, அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய உபத்திரவம். வேதமுத்துவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. பால்ராஜ் என் வண்டியில் வருகிறான் என்றால்… என் வண்டியில் என்றால்… கால் மட்டும் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே போனது, காதில் செங்கல்வராயனும் இல்லை, ஊரும் இல்லை, ஃபோர்க், ஃபோர்க், ஃபோர்க் என்று ஒரே சொல்.

முன்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கிற அந்த ஃபோர்க் உடைந்தது பொங்கலுக்கு நசரத்பேட்டையில், செங்கல் சூளை ரேஸில். அங்கே ரேஸ் என்றால் மண் தோண்டியெடுத்த பள்ளங்களுக்குள் இறங்கி ஏறுவது, சுட்ட செங்கல் தூள் மூக்குக்குள் ஏறி ஒரு வாரம் தும்மினாலும் சிவப்பாக வரும், அங்கே ஒரு பள்ளத்தில் குதித்தபோது வண்டியின் கழுத்தடியில் டக் என்றது. டியூட்டி முடிந்து அம்பத்தூர் ரோட்டில் வேம்புலியின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் கேஸ் வெல்டிங் வைத்தான். வேம்புலி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “ரோட்டுல ஓட்டு அண்ணாத்தே, ஒன்னியும் ஆவாது. மேலேந்து குதிச்சேன்னு வெச்சுக்கோ, நான் ஜவாப்தாரி இல்ல” என்றான். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிறவனுக்கு இதை வேம்புலி சொல்லித்தான் தெரிய வேண்டுமா. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சௌந்தரி ரேஸுக்கே போகக்கூடாது என்பாள், பால்ராஜ் என் வண்டிய எடுத்துக்கோ மாமா என்பான், பெருந்தன்மையாகச் சொல்வான், அந்தப் பெருந்தன்மையை எவன் வாங்கிக் கட்டிக்கொள்வது. இன்று காலை பூசைக்கு முன்னால் துடைக்கும்போது வெல்டிங் வைத்த இடத்தில் கட்டைவிரல் நகம் மாட்டியது, மயிரிழை, பார்த்தால் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. கொஞ்சம் கிரீஸ் எடுத்து அதன் மேல் பூசினான். ஏன் பூசினான்? துருப்பிடிக்காமல் இருக்க… அரை நாளில் துருப்பிடித்துவிடுமா… சாமியார் மந்திரிக்கும்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க, அவ்வளவுதான், வேறென்ன. எனக்குத்தானே ஆபத்து என்று நினைத்தான். இறங்கி நடந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் கணக்குப் போட்டான். துவைகல் இறக்கத்தில் மட்டும் இறங்கி நடந்துவிட்டால்.

துவைகல் இறக்கம். ஏரிக்கரையின் கோயில் பக்கத்துச் சரிவு, கரை உச்சியிலிருந்து செங்குத்தாகக் கீழே போய், துணி துவைக்கிற கருங்கல் பலகைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் போகிற சந்தில் நுழைந்து, அதற்கப்புறம்தான் மைதானம். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள், மற்ற இடத்தில் யார் நிற்பார்கள், விழுகிற இடம்தானே வேடிக்கை. கோவில்பதாகை ஊர்க்காரன் ஒருத்தன் அந்தக் கல்லில் தன் முன்பற்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். முதல் இரண்டு சுற்றிலும் வேதமுத்து உச்சியில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டி, புடவையைத் தூக்கிப் பிடித்த மாமியார் மாதிரி அடிமேல் அடிவைத்து இறங்கினான், செங்கல்வராயன் மைக்கில், “பாத்து அண்ணாத்தே, காலு சுளுக்கிக்கப் போவுது!” என்று ஊரைச் சிரிக்க வைத்தான். பால்ராஜ் இறங்கி நடக்கமாட்டான். அவன் உச்சியிலேயே இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து அகல விரித்துக்கொண்டு ஊஊஊ என்று கத்தியபடி பாய்வான், விசில் பறக்கும், சௌந்தரி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள், பயமும் பெருமையுமாக. இப்போது அவன் பாயப்போவது அந்த ஃபோர்க்கை வைத்துக்கொண்டு. பாதிச் சரிவில் ஒடிந்தால் சக்கரம் தனியாகப் போகும், ஆள் தனியாகப் போவான், தலை முதலில் போகும், கல் அங்கேயே இருக்கும்.

சொல்லிவிட வேண்டும், இப்போதே, திரும்பி ஒரே ஒரு வார்த்தை. இந்தக் கருவேல மரம் வரட்டும், சொல்லிவிடலாம். மரம் வந்தது, போனது. மூச்சு வாங்குகிறதே, மூச்சு வாங்கும்போது எப்படிக் கத்துவது, குட்டையைத் தாண்டட்டும். ஏரியில் மிச்சமிருந்த தண்ணீர் எல்லாம் வந்து ஒதுங்கிய குட்டை அது, ஓரமெல்லாம் எருமை மிதித்த சேறு, அதில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் வரை இறங்கினான், பின்னால் பால்ராஜும் தொப்பென்று இறங்குகிற சத்தம் கேட்டது. இறங்கட்டும், சேற்றில் ஒடிந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இங்கேயே ஒடிந்துவிட்டால் எவ்வளவு நல்லது, மாதாவே, இங்கேயே ஒடியட்டும்… இது நல்ல வேண்டுதல்தானே, அவன் நன்மைக்காகத்தானே கேட்கிறேன். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, ஏதோ செய்துவிட்ட மாதிரி. ஆனால் ஒன்றும் செய்யவில்லையே. சொன்னால் என்ன ஆகும், உடைந்த வண்டியைக் கிரீஸ் பூசி மறைத்து ஓட்டினவன் என்று ஊரே பேசும், சௌந்தரி ராத்திரி முழுக்க அழுவாள், அழட்டுமே, அதனால் என்ன, ஒரு உயிரைவிடவா… உயிர் என்ற சொல் மனசில் வந்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவ்வளவு நேரம் அந்தச் சொல்லை அவன் நினைக்கவே இல்லை.

நல்ல பயல்தான். யார் இல்லை என்றது. திண்டிவனத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தான், வேலை கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டுமே என்று சௌந்தரி சொன்னாள், வேலையும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்தது, ஆனால் அவன் பெட்டி குவார்ட்டர்ஸின் முன்னறையிலேயே இருக்கிறது, மூன்று வருஷமாக. வந்த கொஞ்ச நாளிலேயே இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டான், பிளாக்கில் எல்லார் வீட்டுக் குழந்தையும் அவன் முதுகில்தான் ஏறும். ரேஷனுக்கு அவன் போவான், தண்ணீர் லாரி வந்தால் அவன் பிடிப்பான், குறை சொல்ல ஒரு இடம் வைக்கமாட்டான். முட்டை பொரித்தால் முதல் முட்டை அவன் தட்டில் விழும், சின்னப் பையன் பசி தாங்க மாட்டான்ங்க என்பாள், சின்னப் பையனுக்கு இருபத்தாறு. வேதமுத்து வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே அக்காவும் தம்பியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள், அவனைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாங்க, காபி போடட்டுமா என்பாள். அந்த நிறுத்தம்… அதற்காக ஒருத்தன் மேல் கோபப்பட முடியுமா, கோபமில்லை, கோபமே இல்லை, இவ்வளவு நேரமும் நான் கோபப்பட்டேனா என்ன. சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் சொன்னால் நம்புவானா? மாங்காட்டில் நடந்தது அப்படி. தை மாசத்து மாங்காட்டு ரேஸ் வேறு மாதிரி, அறுப்பு முடிந்த வயல், தோப்பு, வரப்புக்கு வரப்பு தாவ வேண்டும், போன வருஷம் கடைசி வரப்பில் பால்ராஜ் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது வேதமுத்து பின்னாலிருந்து, டேய், உன் பின் டயர்ல காத்து எறங்குதுடா என்று கத்தினான், பயல் குனிந்து பார்த்தான், அதற்குள் இவன் தாண்டிவிட்டான். இந்த ரேஸ்களில் இதெல்லாம் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பால்ராஜே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், இனிமே நீ இன்னா சொன்னாலும் காதுல வாங்க மாட்டேன் மாமா என்றான். அப்படியானால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை… பிரயோஜனம் இல்லை என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால் அது என் தப்பா? இந்தக் கேள்வி மனசுக்குள் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று பார்த்து அவன் மிரண்டு போனான், யார் இதைக் கேட்டது, நானா கேட்டேன்?

வேலிகாத்தான் புதருக்குள் புகுந்து வெளியே வந்தபோது கரை எதிரில் நின்றது. எல்லாரும் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டிய கரை, கால் வைத்தால் மண் சரியும், ஒரு கையால் புல்லைப் பிடித்து, ஒரு கையால் வண்டியைப் பிடித்து, ஏறினான். பால்ராஜ் பின்னாலேயே வந்துவிட்டான், அவன் மூச்சு வேதமுத்துவின் கெண்டைக்காலில் சுட்டது. இங்கே கத்தக்கூட வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும், காதோடு சொல்வது போலச் சொல்லலாம், மச்சான், ஃபோர்க் வெடிச்சிருக்குடா, மேலே போய் இறங்கி நட. ஒன்பது பத்துச் சொல்கூட ஆகாது. “இன்னா மாமா, மூச்சு வாங்குது? வோணும்னா குந்திட்டு வா” என்றான் பால்ராஜ், சிரிப்பு சிரிப்பாக, பாசமாகத்தான். வேதமுத்து இன்னும் ஓர் எட்டு ஏறினான், இன்னும் ஓர் எட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, அடித்துக்கொண்டதே தவிர நாக்கு அசையவில்லை, இது என்ன நாக்கு, யாருடைய நாக்கு, சீட் மாறின மாதிரி இதுவும் மாறிவிட்டதா.

உச்சி வந்துவிட்டது. கீழே கூட்டம், வண்ண வண்ணமாகத் தாவணிகள், குவார்ட்டர்ஸ் ஜனம் முழுக்க, சப்பரத்துக்கு ஜோடித்த சாமந்தி வெயிலில் மஞ்சளாக, பனைமரத்தடியில் மைக்கோடு செங்கல்வராயன், துவைகல்லுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்ச் செம்போடு சௌந்தரி. வேதமுத்து சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். பாதையின் நடுவில்தான் வைத்தான், அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உச்சியில் பாதை ஒற்றையடிப்பாதை, ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒருத்தன் சைக்கிளோடு நின்றால் இன்னொருத்தன் தாண்டவே முடியாது. ஏறிப் பாய்ந்தால் அவன்தான் முதல், இந்த வண்டி தாங்கும், சப்பர மூங்கில் அவனுக்குத்தான். அவன் ஏறவில்லை. திரும்பினான். பால்ராஜ் மேலே வந்து, வண்டியை இறக்கி, ஓடிக்கொண்டே சீட்டில் தாவிவிட்டான், கிறீச். அப்போது வேதமுத்துவின் தொண்டை திறந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, கரைக்கு அந்தப் பக்கம் எருமைகள்கூடத் தலையைத் தூக்கின.

“டேய் பால்ராஜு! நில்றா! ஃபோர்க்கு வெடிச்சிருக்குது! எறங்குடா!”

“மாங்காட்டுலயே கேட்டுட்டேன் மாமா இந்தப் பாட்ட!”

முழங்கையில் உரசிக்கொண்டு காற்று போனது, மஞ்சள் ரிப்பன் ஒன்று கண்முன் அடித்துக்கொண்டு போனது, இரண்டு கால் அகல விரிந்தது, ஊஊஊ. வேதமுத்து கண்ணை மூடவில்லை, மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அந்த முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அது ஒரு கல்லில் ஏறி எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது, கழுத்தடியில் ஏதோ நெளிகிற மாதிரி… நெளியவில்லை. துவைகல் சந்துக்குள் வண்டி நுழைந்தது, வெளியே வந்தது, முழுசாக வந்தது, பால்ராஜ் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தான், வெடி வெடித்தார்கள், பேண்டு வாத்தியம் கிளம்பியது. வேதமுத்துவின் மனசில் முதலில் வந்த சொல்: ஒடியலையே.

ஒடியலையே என்றால் என்ன அர்த்தம்? அப்பாடா ஒடியலையே என்று அர்த்தம், வேறென்ன. வேம்புலி வைத்த வெல்டிங் இவ்வளவு தாங்குமா என்ற ஆச்சரியம், ஃபிட்டருக்கு வருகிற ஆச்சரியம், இரும்பு கண்டவன் எவனுக்கும் வரும். ஆனால் அந்தச் சொல்லோடு நெஞ்சில் ஏதோ சப்பென்று இறங்கியதே, நிம்மதி அப்படியா இறங்கும்… களைப்பு, வெயில், காலையிலிருந்து வெறும் வயிறு. கத்தினேன் அல்லவா, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன், சௌந்தரியே கேட்டிருப்பாள், இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும், ஜெயிக்கிற ரேஸை விட்டுவிட்டு நின்று கத்தினேன். இதை அவன் இரண்டு மூன்று தரம் தனக்குச் சொல்லிக்கொண்டான், சொல்லச் சொல்ல மூச்சும் ஒரு நிதானத்துக்கு வந்தது. ஆனால் ரேடியோ செட் இரைச்சலில் அது யார் காதிலும் விழுந்த மாதிரித் தெரியவில்லை, கீழே செங்கல்வராயன் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

“பாத்துக்கோங்க ஜனங்களே! மாமன்னா இவரு மாமன்! மொதல்ல வந்து நின்னாரு, வண்டிய அப்பிடிக்கா ஓரமா நவுத்திகினாரு, மச்சானுக்கு வழி உட்டாரு பாரு! இந்த மனசு யாருக்குய்யா வரும்? வேதமுத்து அண்ணாத்தேக்கு ஒரு கைத்தட்டு குடுங்க!”

கைதட்டினார்கள். சௌந்தரி நிமிர்ந்து கரை உச்சியைப் பார்த்தாள், கல்யாணமான புதுசில் பார்த்த மாதிரி பார்த்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செம்போடு மேலே ஏறிவர ஆரம்பித்தாள். ஓரமாகவா? வேதமுத்து குனிந்து பார்த்தான். கிளிப்பச்சைத் துணி சுற்றிய ஹேண்டில்பார் அவன் கையில்தான் இருந்தது, ஆனால் சைக்கிள் பாதை நடுவில் இல்லை, முள்ளோடு முள்ளாக ஓரத்தில் ஒட்டி நின்றது, அவனும் அதோடு ஒட்டி நின்றான், வேலிகாத்தான் முள் முழங்கையில் ஏறி ரத்தம் கோடாக வழிந்துகொண்டிருந்தது, அது குத்தியதே தெரியவில்லை. பாதை முழுசும் திறந்து கிடந்தது. நான் நடுவில் அல்லவா நின்றேன். எப்போது நகர்ந்தேன்? அவன் சீட்டில் தாவியதும் பயந்து ஒதுங்கியிருப்பேன், மோதிவிடுவான் என்று உடம்பு தானாக ஒதுங்கியிருக்கும், கத்தினேன், அவன் நிற்கவில்லை, அப்புறம் ஒதுங்கினேன்… அப்படித்தானே இருக்க வேண்டும், கத்தின பிறகு. இல்லை, கத்துவதற்கு முன்னாலேயே ஒதுங்கிவிட்டு, வழியைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறமா கத்தினேன்? மண்ணில் சக்கரத் தடம் இருக்கும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவன் உட்கார்ந்து தேடினான், நடுவில் வண்டி நின்ற இடம் தெரிந்தது, அங்கிருந்து முள் பக்கம் திரும்புகிற கோடு கொஞ்சம் தெரிந்தது, மீதியின் மேல் பால்ராஜின் சக்கரம் ஏறிப் போயிருந்தது. “எழுந்திருங்க, ஏங்க கீழ குந்திக்கினு கீறீங்க, இந்தாங்க, தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டியபடி சௌந்தரி மேலே வந்துவிட்டாள். வேதமுத்து அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.